கணேசன் சொல்லாத ‘நீ’

ஏசியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாமா வேண்டாமா என்று பத்து நிமிஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன், இதற்கே பத்து நிமிஷம் என்றால் மற்றதற்கு எவ்வளவு ஆகும், மற்றதற்குத்தான் முப்பத்தெட்டு வருஷம் ஆகிவிட்டதே. சாலிகிராமத்தில் ஒரு சின்ன ப்ரிவியூ தியேட்டர், ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி, அறுபது நாற்காலி, அதில் ஐம்பத்தைந்தில் இருபது இருபத்தைந்து வயசுப் பிள்ளைகள். பாதிப் பேர் சட்டையில் பச்சையாக ஒரு வட்டம் அச்சடித்திருக்கிறது. அது என் வாய், சொன்னால் யார் நம்பப்போகிறார்கள். போன வாரம் யாழினி என்று ஒரு பெண் போன் பண்ணினாள், எடுத்த எடுப்பிலேயே, “சார், நீங்கதான் கணேசனா?” என்றாள், ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். மறுபடி அடித்து, “பக்தவத்சலம் சார்தானே? ‘மாப்பிள்ளை 64 கே’ படத்துல கம்ப்யூட்டர் வாய்ஸ் குடுத்தீங்களே?” என்று கேட்டபோது நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், கையில் காம்போடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மலேசியாவில் ஒரு வீடியோ கடையை மூடும்போது கேசட் கிடைத்ததாம், அதைச் சுத்தம் பண்ணி நெட்டில் போட்டார்களாம், பிள்ளைகளெல்லாம் பைத்தியமாகிவிட்டார்களாம். “கல்ட் ஆயிடுச்சு சார்” என்றாள். இரண்டு வாரம் முழுசாக ஓடாத படம். சந்தோஷம்மா என்றேன். அப்புறம்தான் அவள், “ஹீரோயினுக்கு டப்பிங் பேசினாங்களே மனோரஞ்சிதம் மேடம், அவங்களும் வராங்க சார். செவ்வாய்க்கிழமை பொண்ணோட மெல்போர்ன் போறாங்களாம், பர்மனென்ட்டா. அதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடறேன்னாங்க” என்றாள். அதனால்தான் வந்தேன், இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. படம் பார்க்க வரவில்லை, கைதட்டு வாங்க வரவில்லை, கடைசி ரீலில் நான் செய்தது வாய் தவறியது இல்லை, வேண்டுமென்றே செய்தது, பயந்து செய்தது என்று ரஞ்சிதத்திடம் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அதைச் சொல்ல எனக்கு ஆள் கிடையாது.

விளக்கை அணைத்துவிட்டார்கள், ரஞ்சிதத்தைக் காணோம். முன்வரிசையில் எங்கள் இரண்டு பேருக்கும் பேர் எழுதித் தாள் ஒட்டிய நாற்காலிகள் இருந்தன, என் தாளை நைசாக உரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாலாவது வரிசைக்கு வந்துவிட்டேன், பக்கத்தில் உட்கார்ந்து இரண்டே கால் மணி நேரம் மூச்சு விடுவது எப்படி. திரையில் மேலும் கீழுமாகக் கோடு ஓடுகிறது, ஓரத்தில் அந்த வீடியோ கடையின் போன் நம்பர். டைட்டில் வந்ததும் பிள்ளைகள் விசிலடிக்கிறார்கள். மயிலாப்பூரில் ஒரு திருமணத் தகவல் நிலையம், அதன் முதலாளி ஜாதகம் பார்க்கக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டேன் என்று ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டுகிறார், வண்டியில் வந்து இறங்குகிறது கணேசன், அறுபத்துநாலு கே மெமரியாம். இரும்பு பீரோவைப் பக்கவாட்டில் சாய்த்துப் போட்டுச் சாம்பல் பெயின்ட் அடித்து, கதவில் ஓட்டை போட்டு சீரியல் பல்பு மாட்டி, நடுவில் வாய் மாதிரி ஒரு பெரிய பச்சை விளக்கு. ஆயுதபூஜை அன்று வந்ததால் முதலாளி அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, முதல் பூ கணேசனுக்கு என்கிறார், அதிலிருந்து அதன் பேரே கணேசன். பீரோவுக்குள் ஒரு லைட்மேன் குந்தி உட்கார்ந்துகொண்டு, வெளியே உதவி இயக்குநர் வசனம் படிக்கப் படிக்க, எழுத்துக்கு ஒரு தடவை ஸ்விட்சைத் தட்டுவார், பச்சை விளக்கு மின்னும், அதுதான் கணேசன் பேசுவது. வேர்த்துப்போய் வெளியே வருவார் பாவம். இதையெல்லாம் நான் பார்த்தது ஒரே ஒருநாள். என் வேலை அதற்கப்புறம், கோடம்பாக்கத்தில் டப்பிங் தியேட்டரில், எவர்சில்வர் டம்ளரை வாய்க்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு. “வணக்கம். என் பெயர் கணேசன். நீங்கள் பிறந்த நேரத்தைச் சரியாகச் சொல்லவும்” என்கிறது திரையில் முப்பத்தொரு வயது பக்தவத்சலம், எவ்வளவு கணீரென்ற குரல், எங்கே போயிற்று அது, இப்போது காலையில் எழுந்தால் இரண்டு டம்ளர் வெந்நீர் குடித்த பிறகுதான் பால்காரனுக்குப் பதில் சொல்ல முடிகிறது. பிள்ளைகள் என்னோடு சேர்ந்து அந்த வசனத்தைச் சொல்கிறார்கள், மனப்பாடம். பக்கத்தில் இருக்கிற பையன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான், “செம இல்ல அங்கிள்?” என்கிறான். செமதான்.

கதவு திறந்து வெளிச்சம் வருகிறது. ஒரு நடுத்தர வயதுப் பெண், அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒல்லியாக ஒரு அம்மாள், தலையை ஒட்ட வெட்டியிருக்கிறது, முழுக்க நரை. இவள் இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன், ரஞ்சிதத்துக்கு முழங்கால் வரை பின்னல். “இங்க யாராவது வராங்களாப்பா?” என்று அந்த அம்மாள் இரண்டாவது வரிசையில் ஒரு பையனைக் கேட்கிறாள், ரஞ்சிதம்தான். குரல் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, ஆனால் ‘ப்பா’வில் அந்த லேசான இழுப்பு, அதை எப்படி மறப்பது, காதை வைத்துப் பிழைத்தவன் நான். அவளும் பேர் ஒட்டிய நாற்காலியில் உட்காரவில்லை. கையைப் பிடித்து வந்தது தேன்மொழியாக இருக்க வேண்டும், நாலு வயதில் பார்த்தது. எனக்கு நேர் முன்னால் இரண்டு வரிசை தள்ளி இப்போது ஒரு நரைத்த தலை, அதற்கு அப்பால் திரை, திரையில் கதாநாயகி வசந்தி, அவள் வாயில் ரஞ்சிதம். பம்பாயிலிருந்து வந்த பெண், தமிழில் ஒரு எழுத்து தெரியாது, ஷூட்டிங்கில் வசனத்துக்குப் பதில் ஒன் டூ த்ரீ என்று எண்ணி வாயசைத்துவிட்டுப் போய்விடுவாள். அந்த எண்ணுக்குள் ரஞ்சிதம் தமிழைத் திணிக்க வேண்டும், “ஃபைவ்ல உதடு மூடுதே சார், இங்க ‘அம்மா’ன்னு வச்சுக்கட்டுமா?” என்று கேட்பாள், எப்படியோ பொருந்திவிடும். எனக்கு அந்தக் கஷ்டமே கிடையாது. கம்ப்யூட்டருக்கு ஏது உதடு, விளக்கு மின்னுகிற நேரத்துக்குள் நான் என்ன வேண்டுமானாலும் பேசலாம். ஆளுக்கொரு மைக், லூப் என்று ஒரே படத்துண்டு திரும்பத் திரும்ப ஓடும், சிவப்பு விளக்கு எரியும், அவள் மாட்டிக்கொண்டு தவிப்பாள், நான் சொகுசாகப் பேசிவிட்டுப் போவேன். அப்படி எல்லாம் பேச முடிந்தவனுக்குத்தான் கடைசியில் ஒரே ஒரு எழுத்து வரவில்லை.

இதோ கடலை காட்சி. வசந்தி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வறுத்த கடலை தின்கிறாள், கணேசன், “கடலை தின்றால் குரல் கெடும். உங்கள் குரல் எனக்குத் தேவை” என்கிறது. இந்த வசனம் பேப்பரில் இல்லை. ரஞ்சிதம் ரிகர்சல் நடுவே நிஜமாகவே பொட்டலத்தைப் பிரித்துக் கடலை கொறித்துக்கொண்டிருந்தாள், நான் டம்ளருக்குள் அப்படியே சொன்னேன், சவுண்ட் என்ஜினியர் ரெக்கார்டிங்கை ஓடவிட்டிருக்கிறார், அவள் புரையேறிச் சிரித்தாள். டைரக்டர் கேட்டுவிட்டு, “யோவ், இத வச்சுக்கலாம்யா” என்றார். வசந்தி அங்கே முந்தானையால் வாயை மூடுகிற ஷாட், உதடு தெரியாது, சிரிப்பு கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. இப்போது தியேட்டர் முழுக்க அந்தச் சிரிப்பு. வசனத்துக்குச் சிரித்த சிரிப்பு இல்லை அது, என்னைப் பார்த்துச் சிரித்தது, இருபத்தெட்டு வயது, புருஷன் போய் இரண்டு வருஷம், அன்றைக்கு மாம்பழக் கலர் புடவை. அது இத்தனை வருஷமாக ஒரு மலேசியக் கடை அலமாரியில் கிடந்திருக்கிறது. முன்னால் அந்த நரைத்த தலை கொஞ்சம் குனிகிறது, தோள் குலுங்குகிறது, சிரிக்கிறாளா என்ன, பின்னாலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன, நாலு எட்டு. இதோ எழுந்திருக்கப்போகிறேன் என்று முழங்காலில் கை வைக்கிறேன், பக்கத்துப் பையன், “பாத்ரூமா அங்கிள்? லெஃப்ட்ல” என்கிறான், மறுபடி சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறேன். எனக்கு எப்போதும் யாராவது ஒருவர் இப்படிக் காரணம் கொடுத்துவிடுகிறார்கள்.

நல்ல படம்தான். அன்றைக்கு எனக்கு அது தெரியாது, ஏதோ பீரோ படம் என்றுதான் நாங்கள் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தோம். வசந்தியைப் பெண் கேட்டு வருகிற ஒவ்வொரு ஜாதகத்திலும் கணேசன் ஒரு தோஷம் கண்டுபிடிக்கிறது, செவ்வாய், நாகம், ஒன்றுமே கிடைக்காத ஒரு பையனுக்கு, “மூல நட்சத்திரத்துக்குப் பக்கத்து நட்சத்திரம், ஜாக்கிரதை” என்று தாளடித்துத் தள்ளுகிறது. அப்புறம் ஒருநாள் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு தன்னைத் தொழிற்சாலையில் செய்து முடித்த தேதியையும் நேரத்தையும் போட்டுத் தனக்கே ஜாதகம் கணித்துப் பார்க்கிறது, வசந்திக்கும் அதற்கும் பத்துக்குப் பத்துப் பொருத்தம். அந்தத் தாள் சுருள் சுருளாக அறை முழுக்க ஓடுகிறது, சீரியல் பல்பெல்லாம் தாறுமாறாக எரிகிறது, பிள்ளைகள் எழுந்து நின்று கத்துகிறார்கள். எனக்கு அந்த லூப் நடந்த மத்தியானம் ஞாபகம் வருகிறது. தேன்மொழியை விட்டுவிட்டு வர ஆளில்லாத நாட்களில் ரஞ்சிதம் அவளையும் ஸ்டூடியோவுக்குக் கூட்டி வருவாள், குழந்தை மேஜைக்கடியில் வீணான டேப்பை வைத்துச் சொப்பு விளையாடும், என்னைக் கம்ப்யூட்டர் மாமா என்று கூப்பிடும். என் லூப் முடிந்து ரஞ்சிதம் தனியாகப் பேச வேண்டிய பகுதி, நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், குழந்தை தானாக வந்து மடியில் ஏறித் தூங்கிவிட்டது. ஒருமணி நேரம் அசையவில்லை நான். கால் மரத்துப்போய்விட்டது. முதல் கால்மணி நேரம் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லவில்லை, இப்படியே இருந்துவிடலாம் என்று கூட இருந்தது, அப்புறம்தான் அந்தக் கனம் தெரிய ஆரம்பித்தது. இது தினமும் இருக்கும். பள்ளிக்கூடம், ஜுரம், அக்காவுக்கே இன்னும் ஆகவில்லை உனக்கு என்ன அவசரம் என்பார்கள், அதுவும் குழந்தையோடு ஒருத்தி என்பார்கள், ஸ்டூடியோவில் இப்போதே கண்ஜாடை காட்டிக்கொள்கிறார்கள். அக்காவைச் சாக்காகச் சொல்லிக்கொண்டேன், அக்காவுக்கு மறு வருஷமே கல்யாணம் ஆகிவிட்டது. அக்கா இல்லை, ஊர் இல்லை, அந்தத் தூங்குகிற குழந்தையின் கனம்தான், அதைத் தூக்கி அம்மாவிடம் கொடுத்தபோது எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவை இன்றைக்குச் சொல்ல வேண்டுமா, அதையும் சொன்னால்தான் உண்மை, ஆனால் தேன்மொழியை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது.

படம் பூராவும் கணேசன் வசந்தியை நீங்க என்றுதான் கூப்பிடும். கம்ப்யூட்டர் என்றால் படித்தது, மரியாதையாகத்தான் பேசும் என்று வசனகர்த்தா வைத்திருந்தார். கடைசிக் காட்சியில்தான் மாற்றுவார். அதைச் சொல்வதற்கென்றே ஒருநாள் டப்பிங் தியேட்டருக்கு வந்து எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, “ரெண்டேகால் மணி நேரம் நீங்க நீங்கன்னு பேசறவன், சாகப்போற நேரத்துல ஒரே ஒரு தடவ ‘நீ’ன்னு சொல்றான். அந்த நீ-க்காகத்தான்யா இவ்வளவு படமும்” என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் ரஞ்சிதமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. விட்டு விட்டு மூன்று மாசம் பக்கத்துப் பக்கத்து மைக்கில் நின்றிருக்கிறோம், நாங்களும் நீங்கதான், வச்சலம் சார், ரஞ்சிதம் மேடம். கடைசி ரீலுக்கு முதல் நாள் சாயங்காலம் மாடிப்படியில் இறங்கும்போது அவள், “அண்ணன் லெட்டர் போட்டிருக்கார். ஜாம்ஷெட்பூர்ல ஒருத்தராம், சம்சாரம் தவறிட்டாங்களாம். தேனையும் சேத்துக்கறேன்றாராம். ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் எழுதணும்” என்றாள். நல்லதுதானே என்றோ என்னவோ சொன்னேன், நிச்சயமாக அதுதான் சொன்னேன், இப்போது என்னவோ என்கிறேன். இன்னும் இரண்டு படி இறங்கினாள். “நாளைக்கு உங்களுக்கு அந்த நீ வருது, பாத்தீங்களா?” என்றாள். பார்த்தேன் என்றேன். “எப்படிச் சொல்றீங்கன்னு பாக்கணும்” என்று சிரித்தாள். எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன், எடுபடவில்லை. வாயைத் திறந்து கேட்க முடியாததை அவள் ஒரு வசனத்தில் வைத்துக் கொடுத்தாள், நான் மைக்கில் அதைச் சொன்னால் போதும், ஜாம்ஷெட்பூருக்குப் பதில் வேறு மாதிரி போகும். அதைவிட எளிசாக ஒருத்தி ஒருத்தனுக்கு வழி போட்டுக் கொடுக்க முடியுமா.

வீட்டில் பவானியை எடுத்த எடுப்பிலேயே நீ என்றேன். கல்யாணமாகி மறுநாள் காலையில், நீ காப்பி போடுவியா என்று கேட்டேன், எந்தத் தடங்கலும் இல்லாமல் வந்தது, அவள் இன்று வரைக்கும் நீங்கதான். நல்லவள், கிளம்பும்போது கூட, “சட்டைக்குள்ள பனியன் போடுங்க, ஏசி ஒத்துக்காது உங்களுக்கு” என்று சொல்லி அனுப்பினாள், நான்தான் கேட்கவில்லை. யாரைப் பார்க்கப் போகிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை, அவள் கேட்கவில்லை. ஒரு எழுத்து, பெண்டாட்டி என்றால் யோசிக்காமல் வருகிறது, பால்காரனிடம் வருகிறது, ஆட்டோக்காரனிடம் அவன் கோபத்தில் என்னை நீ என்றால் நானும் நீ என்கிறேன், ரஞ்சிதத்திடம் மட்டும் அது வந்திருந்தால் அதற்குப் பின்னால் ஒரு வீடும் குழந்தையும் முழுக் குடித்தனமும் வந்து நின்றிருக்கும். திரையில் மெக்கானிக் ரகு மழையில் நனைந்துகொண்டு வசந்தியிடம் காதலைச் சொல்கிறான், பயல் எவ்வளவு சுலபமாகச் சொல்கிறான். அவனுக்கும் வசந்திக்கும் பத்தில் இரண்டுதான் பொருந்துகிறது, முதலாளி ஒப்புக்கொள்ள மாட்டார், கணேசன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் விளக்கே எரியாமல் இருக்கிறது. தியேட்டரில் சத்தம் அடங்கிவிட்டது. இன்னும் பத்து நிமிஷம்.

கணேசன் பொய்யாகப் பத்துக்குப் பத்து என்று தாளடித்து ரகுவிடம் கொடுக்கிறது. பொய் சொன்ன கம்ப்யூட்டர் வேலை செய்யாது என்பது அதன் விதி, ஒவ்வொரு பல்பாக அணைகிறது, பச்சை மட்டும் மிச்சம். வசந்தி ஓடி வந்து இரும்பின் மேல் கையை வைக்கிறாள், “கணேசன், என்ன ஆச்சு உங்களுக்கு?” என்கிறாள் ரஞ்சிதம், அழுகையை அடக்கிக்கொண்டு, இதில் நடிப்பு ஒன்றுமே இல்லை, நான் பக்கத்தில் நின்றேன், எனக்குத் தெரியும். ‘நீ நல்லா இரு.’ பேப்பரில் அவ்வளவுதான். உள்ளே லைட்மேன் தட்டியதும் அதற்குத்தான், ஐந்து தடவை மின்னி, அப்புறம் இருட்டு. முதல் டேக்கில் நான், “நீங்க நல்லா இருங்க” என்றேன். என்ஜினியர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, “வச்சலம், ரெண்டு எழுத்து கூடுது, லைட் ஆஃப் ஆனப்புறம் பேசறீங்க” என்றார். சாரி என்றேன். இரண்டாவது டேக், நீங்க. மூன்றாவதில் வாயைத் திறந்தேன், நீ வந்துவிட்டது, தொண்டைக்கு வந்துவிட்டது, ரஞ்சிதம் திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மைக்குக்கு முன்னால் ஒருநாளும் அப்படிப் பார்க்க மாட்டாள், அந்தக் கண்ணைப் பார்த்ததும் ‘ங்க’ தானாக வந்து ஒட்டிக்கொண்டது. நாலாவதில் அவள் பார்க்கவில்லை. அன்றைக்கே மிக்சிங்குக்குப் போக வேண்டும், டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்து, “போகட்டும்யா, மரியாதையாத்தான் இருக்கு. ஓகே” என்றார். படம் வந்ததும் ஒரு வாரப் பத்திரிகையில், முடிவு மனசில் தைக்கவில்லை என்று எழுதினார்கள். எப்படித் தைக்கும், நான்தான் ஊசியைப் பிடுங்கிவிட்டேனே. டைரக்டர் அதற்கப்புறம் படமே எடுக்கவில்லை. இப்போது திரையில் பச்சை மின்னுகிறது, நீங், க, நல், லா, இ, அவ்வளவுதான், திரை முழுக்கக் கறுப்பு, அந்தக் கறுப்பில் தனியாக ‘ருங்க’ என்கிறது என் குரல். பிள்ளைகள் சிரிக்கப்போகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொள்கிறேன். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்துப் பையன் மூக்கை உறிஞ்சுகிறான். திறந்து பார்த்தால் தாடி வைத்த தடியன் ஒருவன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான்.

விளக்கு போட்டுவிட்டார்கள். யாழினி மைக்கோடு வந்து எங்கள் இரண்டு பேர் பேரையும் சொல்கிறாள், எழுந்து நிற்கச் சொல்கிறாள், ரஞ்சிதம் திரும்பிப் பார்க்கிறாள். கண் அதேதான். தெரிந்தவரை மார்க்கெட்டில் பார்த்த மாதிரி தலையை ஆட்டுகிறாள், நானும் ஆட்டுகிறேன். “சார், எங்க எல்லாருக்கும் ஒரே கேள்விதான்” என்கிறாள் யாழினி. “லைட் ஆஃப் ஆன பிறகும் கணேசன் வாய்ஸ் வருது. செத்த பிறகும் பேசுது. அதுவும் கடைசி வரைக்கும் நீங்கன்னு மரியாதையாவே பேசுது. தொடவே தொடாத லவ் சார் அது. அத வச்சு நான் பத்துப் பக்கம் எழுதியிருக்கேன். யாரோட ஐடியா சார் அது?” எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். மைக் என் கைக்கு வந்துவிட்டது, கனமில்லாத சின்ன மைக். டைரக்டர் என்று சொல்லலாம், மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், பேர் வாங்கிக்கொள்ளட்டும். என் ஐடியா என்று சொன்னால் கைதட்டி மாலையே போடுவார்கள். எதற்காக வந்தாய் என்று ஒரு பக்கம், இத்தனை பிள்ளைகள் அழுத அழுகையைக் கெடுக்கிறாயே என்று ஒரு பக்கம், பத்துப் பக்கம் எழுதியிருக்கிறாளாம் அந்தப் பெண். “ஐடியா ஒண்ணும் இல்லம்மா” என்கிறேன். “எழுதினது நீ நல்லா இரு-ன்னுதான். நான்தான் மாத்திட்டேன். நாலு டேக் போச்சு. எனக்கு நீன்னு சொல்ல வரல. பயம். வேற ஒண்ணும் இல்ல.” கைதட்டுகிறார்கள், எழுந்து நின்று தட்டுகிறார்கள், எவ்வளவு தன்னடக்கம் பாரேன் என்று யாரோ சொல்வது காதில் விழுகிறது. சொல்லிவிட்டேன். நிஜமாகவே சொல்லிவிட்டேன். நெஞ்சிலிருந்து மூட்டை இறங்கின மாதிரி இருக்கிறது, இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம். ரஞ்சிதம் பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

வெளியே வெயில் கண்ணைக் கூசுகிறது. தேன்மொழி கார் வருகிறதா என்று போனில் பார்த்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நிற்கிறாள், என்னிடம், “உங்கள எனக்கு ஞாபகமே இல்ல அங்கிள், சாரி” என்று நல்லபடியாகச் சிரித்துவிட்டுப் போனாள். ரஞ்சிதம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்கிறாள். “உள்ள சொன்னேனே,” என்று ஆரம்பிக்கிறேன், “அது உங்களுக்காகத்தான் சொன்னேன். அன்னிக்கி வாய் தவறல. உங்களுக்குப் பதில் சொல்லணுமேன்னு பயந்துட்டேன். மன்னிச்சிடுங்க.” இப்போதும் நீங்கதான் வருகிறது. கோபமெல்லாம் இல்லை, நான் ஏதோ தப்பாகப் புரிந்துகொண்ட மாதிரி என்னைப் பார்க்கிறாள். “அந்த வசனத்தையா இவ்வளவு வருஷமா வச்சிட்டிருக்கீங்க?” என்கிறாள். “அது போகட்டும், வச்சலம் சார். நாலு பேர் முன்னாடி, டைரக்டர் முன்னாடி மைக்ல உங்களுக்கு வராதுன்னு மூணாவது டேக்லயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அத வச்சு நான் முடிவு பண்ணல. வெளில வந்து பஸ் ஸ்டாப்ல நின்னேன், தனியா வந்து சொல்லுவீங்கன்னு. இவ தூங்கிட்டா, தோள்ல போட்டுக்கிட்டு நின்னேன். நாலு பஸ்ஸ விட்டேன். அஞ்சாவதுல ஏறிட்டேன்.” தேன்மொழி, “அம்மா, வண்டி வந்துடுச்சு” என்கிறாள். “வீட்டுக்காரர் நல்ல மனுஷன். குறை ஒண்ணும் இல்ல. போன வருஷம்தான் தவறினார்” என்று ரஞ்சிதம் முந்தானையைச் சரிசெய்துகொள்கிறாள். “வரட்டுமா? உடம்பப் பாத்துக்குங்க.” காரின் கதவை நான்தான் திறந்துவிடுகிறேன், நான்தான் சாத்துகிறேன்.

யாழினி படிக்கட்டிலிருந்து, “சார், குரூப் போட்டோ, வாங்க” என்று கூப்பிடுகிறாள், பிள்ளைகள் எல்லோரும் பச்சை வட்டத்தோடு வரிசையாக நிற்கிறார்கள். வரேம்மா என்கிறேன். நாலு பஸ். அப்போது பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் வரும். டேக் ஓகே ஆனதும் நான் பின்பக்கப் படியால் இறங்கி ஸ்டூடியோ கேன்டீனுக்குப் போனேன், அவள் போய்விடட்டும், முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று. ஒரு டீ குடித்தேன். போயிருப்பாள் என்று நினைத்தேன். நிச்சயமாகப் போயிருக்க வேண்டுமே என்று இன்னொரு டீ சொன்னேன், அதையும் ஆற்றி ஆற்றி மெதுவாகக் குடித்தேன். நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருந்தது, அதில் பார்த்தால் பஸ் ஸ்டாப் தெரியும். நான் திரும்பவில்லை.